ஐம்பதுக்குப் பின் நெடுந்தூர ஓட்டம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

நடுவயதின் பிற்பகுதியில் நெடுந்தூர ஓட்டத்தைத் தொடங்குவது குறித்தும் தொடர்வது குறித்தும் வந்த கடிதங்களிலிருந்து சிலவற்றை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டேன். ஒரே பொருளைப் பற்றிய கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன். தொடர்ந்து மருந்து எடுத்துக்கொள்பவர்கள் இங்குள்ள பதிலை வைத்துத் தாங்களாகவே மருந்தை மாற்றாமல், தங்கள் மருத்துவரிடம் கலந்து பேச வேண்டுகிறேன்.

கேள்வி: ஐயா, எனக்கு வயது 54. உட்கார்ந்தே செய்யும் அலுவலக வேலை. இரண்டு ஆண்டுகளாகத் தினமும் 5 கிலோமீட்டர் நடக்கிறேன். 12 வாரங்களில் அரை மாரத்தானுக்குத் தயாராக்கும் அட்டவணை ஒன்றைப் பின்பற்றி ஓடத் தொடங்கினேன். ஐந்தாவது வாரத்தில் மூச்சு நன்றாகப் பழகிவிட்டது. ஏழாவது வாரத்தில் முழங்காலுக்குக் கீழே, முன்பக்க எலும்பின் உட்புற ஓரத்தில் வலி வந்து ஓட்டத்தை நிறுத்திவிட்டேன். இந்த வயதில் தொடங்கியதே தவறா?

பதில்: தொடங்கியதில் தவறில்லை, நீங்கள் பின்பற்றிய அட்டவணைதான் உங்கள் வயதுக்குப் பொருந்தாதது. புதிதாக ஓடுபவரின் உடலில் எல்லாப் பகுதிகளும் ஒரே வேகத்தில் பழகுவதில்லை. ரத்தத்தின் நீர்ப்பகுதி இரண்டு வாரங்களுக்குள்ளாகவே கூடிவிடுகிறது. இதயமும் மூச்சும் ஐந்தாறு வாரங்களில் தெளிவாகத் தேறிவிடுகின்றன. தசைகள் அதற்குச் சற்றுப் பின்னால் வருகின்றன. தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண்களுக்கு ரத்த ஓட்டம் குறைவு. ஆகவே அவை உறுதிப்படச் சில மாதங்கள் ஆகின்றன. எலும்பும் அப்படித்தான். புதிய சுமையைச் சந்திக்கும் எலும்பு முதலில் பழைய பகுதியைக் கரைத்துவிட்டு, அதன் பிறகே புதியதைக் கட்டுகிறது. கரைத்தது முடிந்து கட்டுவது முழுமை பெறாத அந்த இடைப்பட்ட வாரங்களில் அது முன்பைவிடச் சற்று வலுக்குறைந்தே இருக்கும். உங்கள் மூச்சு தைரியம் கொடுத்த வாரங்களும் எலும்பு வலுக்குறைந்திருந்த வாரங்களும் ஒன்றாக வந்துவிட்டன. 25 வயதிலும் இதே வரிசைதான். 54 வயதில் பின்னால் வருபவை இன்னும் நிதானமாக வருகின்றன. எனவே, ஐம்பதைக் கடந்தவர் எவ்வளவு கூட்டலாம் என்பதை முடிவுசெய்ய வேண்டியவை தசைநாணும் எலும்புமே. வயதைக் கேட்காமல் எல்லோருக்கும் 12 வாரக் கணக்கைக் கொடுக்கும் அட்டவணைகள் மீது எனக்கு வருத்தம் உண்டு. அவற்றால் காயப்பட்டவர்களில் பலர் தங்கள் வயதையே குற்றம் சொல்லி ஓட்டத்தை விட்டுவிடுகிறார்கள்.

முதலில் அந்த வலியைச் சோதியுங்கள். எலும்பின் ஓரமாக ஒரு சாண் அளவுக்குப் பரவலாக வலித்து, ஓடத் தொடங்கிச் சற்று நேரத்தில் குறைந்தால், பெரும்பாலும் எலும்பின் மேலுறையும் அதையொட்டிய தசையும் சோர்ந்திருக்கின்றன என்று கொள்ளலாம். ஒரே புள்ளியில், விரல் நுனியால் தொட்டுக் காட்டக்கூடிய இடத்தில் வலித்து, ஓட ஓடக் கூடி, ஒற்றைக் காலில் குதித்தால் சுரீரென்று தெறித்தால், அது எலும்பில் விழுந்த நுண்விரிசலாக இருக்கலாம். தொடக்க வாரங்களில் இது சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது உண்டு என்பதால் எலும்பு மருத்துவரிடம் விவரத்தைச் சொல்லி, தேவையானால் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பாருங்கள்.

வலி நீங்கி, 45 நிமிடம் வேகமாக நடந்த மறுநாளும் அது தலைகாட்டவில்லை என்றால் மீண்டும் தொடங்கலாம். வாரத்தில் 3 நாள், ஒவ்வொன்றுக்கும் இடையே ஓட்டமில்லாத ஒரு நாள். 1 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை என்று 10 சுற்று. ஒருவர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 165 அடி எடுத்து வைக்கிறார். 30 நிமிடம் இடைவிடாமல் ஓடினால் ஏறக்குறைய 5000 அடிகள், ஒவ்வொன்றிலும் உடல் எடையைப்போல் 2 முதல் 3 மடங்கு விசை. இந்தச் சுற்றுமுறையில் அது மூன்றில் ஒரு பங்காகிறது. இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை ஓடும் நிமிடத்தைக் கூட்டி, நான்கு மாத அளவில் 30 நிமிடத் தொடர் ஓட்டத்துக்கு வாருங்கள். அதன் பிறகு வாரத்தில் ஒரு நாளை மட்டும் நீண்ட ஓட்டத்துக்கு வைத்து, இரண்டு வாரங்களுக்கு 1 கிலோமீட்டர் கூட்டுங்கள். ஒவ்வொரு நான்காவது வாரமும் மொத்த தூரத்தை மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள். முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம் போதும். நீண்ட ஓட்டம் 16 முதல் 18 கிலோமீட்டரை எட்டும்போது அரை மாரத்தானின் 21.1 கிலோமீட்டருக்கு நீங்கள் தயார். இதற்கு ஓராண்டாவது ஆகும். அந்த ஓராண்டை மனமுவந்து கொடுங்கள்.

கேள்வி: எனக்கு 57 வயது. மாதவிடாய் நின்று 5 ஆண்டுகள் ஆகின்றன. 10 கிலோமீட்டர் வரை ஓடுகிறேன். அரை மாரத்தான் ஓட ஆசை. "முழங்கால் தேய்ந்துவிடும், எலும்பு உடைந்துவிடும்" என்று வீட்டில் எல்லோரும் தடுக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறதா?

பதில்: முழங்காலைப் பற்றிய அச்சத்துக்குச் சான்று பலவீனமானது, எலும்பைப் பற்றியதை நீங்கள் கருத்தில் கொள்ளத்தான் வேண்டும்.

முழங்கால், இடுப்பு மூட்டுத் தேய்மானம் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளியான ஓர் ஆய்வில், உடல்நலத்துக்காக ஓடுபவர்களில் 3.5 சதவீதத்தினருக்கும், ஓடாமல் உட்கார்ந்த வாழ்க்கை வாழ்பவர்களில் 10.2 சதவீதத்தினருக்கும் தேய்மானம் காணப்பட்டது. போட்டிகளுக்காகவே வாழ்ந்த உயர்நிலை ஓட்டக்காரர்களிடம் அது 13.3 சதவீதம். இதை வைத்து, ஓட்டம் மூட்டைக் காக்கிறது என்று அறுதியிட்டுச் சொல்லிவிட முடியாது. மூட்டு நன்றாக இருப்பவர்கள்தாம் தொடர்ந்து ஓடுகிறார்கள் என்பதும் அந்த எண்களுக்குள் இருக்கிறது. ஆனால் மிதமான ஓட்டம் நல்ல மூட்டைத் தேய்த்துவிடும் என்று சொல்ல இடமில்லை. ஓடிய மறுநாள் முழங்கால் வீங்குவதும், மாடிப்படி இறங்கும்போது மூட்டு பிடித்துக்கொள்வதும் வேறு செய்தி. அப்போது மருத்துவரைப் பாருங்கள்.

எலும்புக்கு வருவோம். மாதவிடாய் நின்ற முதல் 5 முதல் 7 ஆண்டுகளில் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் எலும்பு அடர்த்தி வேகமாக இறங்குகிறது. நீங்கள் அந்தக் காலத்துக்குள்தான் இருக்கிறீர்கள். தூரத்தைக் கூட்டுவதற்கு முன், எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் ஒன்று எடுத்துவிடுவது நல்லது. அதில் வரும் டி-ஸ்கோர் மைனஸ் 1க்கு மேல் இருந்தால் அடர்த்தி இயல்பானது. மைனஸ் 1க்கும் மைனஸ் 2.5க்கும் இடையில் என்றால் குறைவு, மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழ் என்றால் எலும்புப்புரை. எலும்புப்புரை இருந்தால், தூரத்தைக் கூட்டும் முடிவை மருத்துவர் சிகிச்சையைத் தீர்மானித்த பிறகே எடுக்க வேண்டும்.

ஓட்டம் மட்டும் எலும்பைக் காத்துவிடும் என்று நம்பியிருந்துவிடாதீர்கள். ஒரே விதமான, ஒரே அளவான அதிர்வுக்கு எலும்பு விரைவில் பழகி, மேற்கொண்டு பதில் தருவதை நிறுத்திவிடுகிறது. முதுகெலும்புக்கோ ஓட்டத்தால் கிடைக்கும் பயன் சிறியது. ஆஸ்திரேலியாவில் எலும்பு அடர்த்தி குறைந்த, மாதவிடாய் நின்ற 101 பெண்களிடம் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், வாரத்தில் 2 நாள், அரை மணி நேரம், மேற்பார்வையோடு கனமான எடை தூக்கியவர்களுக்கு 8 மாதங்களில் முதுகெலும்பின் அடர்த்தி கூடியது. நான் இங்கே குறிப்பது, கையில் சிறு எடையை வைத்துக்கொண்டு 30 முறை அசைப்பதையன்று; எட்டுப் பத்து முறைக்கு மேல் தூக்க முடியாத அளவு எடை. நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவதில் தொடங்கி, தோளில் எடை வைத்துக் குந்தி எழுவது, தரையிலிருந்து எடையை எடுத்து நிமிர்வது, ஒற்றைக் காலில் குதிகாலை உயர்த்துவது என்று, ஒரு பயிற்சியாளரின் கண்பார்வையில் சில மாதங்களில் முன்னேறுங்கள். வாரத்தில் 4 நாள் ஓடுபவராக இருந்தால் ஒன்றை விட்டுவிட்டு அந்த நாளை இதற்குக் கொடுங்கள். இதில் நான் எந்த விட்டுக்கொடுத்தலும் செய்ய மாட்டேன்.

உணவில் குறை வைக்காதீர்கள். தூரம் கூடும்போது உணவையும் கூட்டாமல், எடை குறைகிறதே என்று மகிழ்ந்திருக்கும் பெண்களிடம்தான் எலும்பு விரிசலை அதிகம் பார்க்கிறேன். உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறத்தாழ 1.2 கிராம் புரதம், அதாவது 60 கிலோ எடைக்கு 72 கிராம், ஒரே வேளையில் இல்லாமல் நாள் முழுவதும் பிரித்து எடுத்துக்கொள்ளுங்கள். கால்சியம் நாளொன்றுக்கு 1200 மில்லிகிராம். வைட்டமின் டி அளவைப் பரிசோதித்துப் பார்த்தே மாத்திரை.

கேள்வி: வயது 61. ரத்த அழுத்தத்துக்கு மெட்டோபிரலால் மாத்திரை எடுத்துக்கொள்கிறேன். மகள் வாங்கிக் கொடுத்த ஸ்மார்ட் வாட்ச், நான் மூச்சு வாங்க ஓடும்போதும் "மிக எளிய ஓட்டம், வேகத்தைக் கூட்டவும்" என்றே சொல்கிறது. எதை நம்புவது? மாரத்தானில் இதயம் நின்று இறந்தவர்களைப் பற்றிய செய்திகளும் அச்சம் தருகின்றன.

பதில்: உங்கள் மூச்சை நம்புங்கள். மெட்டோபிரலால், அட்டெனலால் போன்ற பீட்டா பிளாக்கர் மருந்துகள் இதயத் துடிப்பு ஓர் அளவுக்கு மேல் உயராதபடி தடுத்துவைக்கின்றன. வாட்சோ உங்கள் வயதை 220இலிருந்து கழித்து, 159 என்ற உச்சத் துடிப்பைக் கணக்கிட்டு, அதில் இத்தனை சதவீதம் வந்தால்தான் உழைப்பு என்று எண்ணிக்கொண்டிருக்கிறது. மருந்து எடுக்காதவர்களுக்கே அந்தச் சூத்திரம் 10, 12 துடிப்புகள் முன்பின்னாகப் போகும். உங்களுக்கு அது முற்றிலும் பொருந்தாது. அந்தச் சொல்லைக் கேட்டு வேகத்தைக் கூட்டினால் ஒவ்வொரு நாளும் கடும் ஓட்டமாகிவிடும். 10க்கு எவ்வளவு சிரமம் என்று நீங்களே மதிப்பிட்டு, எளிய நாட்களில் 3 அல்லது 4இல் நில்லுங்கள். மாத்திரையை ஓட்டத்துக்காக ஒரு நாளும் தானாக நிறுத்திவிடாதீர்கள். பீட்டா பிளாக்கரைத் திடீரென்று விடுவது ஆபத்தானது. பயிற்சி தீவிரமாகும்போது வேறு வகை மருந்துக்கு மாற இயலுமா என்று மருத்துவரிடம் கேட்பது நியாயமான கேள்விதான்.

இரண்டாவது அச்சத்துக்கு எண்களோடு பதில் சொல்லலாம். அமெரிக்காவில் 2000 முதல் 2010 வரை நடந்த மாரத்தான், அரை மாரத்தான் ஓட்டங்களில் கலந்துகொண்ட 1 கோடியே 9 லட்சம் பேரில் 59 பேருக்கு இதயம் நின்றது. அவர்களில் 42 பேர் இறந்தனர். பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலானோர் ஆண்கள். அரை மாரத்தானைவிட முழு மாரத்தானில் ஆபத்து கூடுதல். மிக அரிதான நிகழ்வு என்பது உண்மை. ஆனாலும் 61 வயதில், ரத்த அழுத்தத்தோடு, நீண்ட தூரத்துக்குப் போகும் முன் இதய மருத்துவரைப் பார்த்து, அவர் சொன்னால் ட்ரெட்மில் பரிசோதனையும், ஒலி அலைகளால் இதயத்தைப் படம்பிடிக்கும் எக்கோவும் செய்துகொள்ளுங்கள். பரிசோதனை நன்றாக வந்தாலும் சில அறிகுறிகளை அலட்சியப்படுத்தக் கூடாது: மேட்டில் ஏறும்போது மார்பிலோ தாடையிலோ இடது கையிலோ தோன்றி நின்றதும் மறையும் அழுத்தம், ஓடும்போது தலைசுற்றிக் கண் இருட்டுவது, வழக்கமான எளிய தூரத்துக்கே காரணமின்றி மூச்சு முட்டுவது, துடிப்பு தாறுமாறாகத் தாவுவது. கடைசியாகச் சொன்னது நெடுங்காலம் கடுமையாக ஓடிய ஆண்களிடம் சற்றுக் கூடுதலாகவே காணப்படுகிறது. இவற்றில் எது வந்தாலும் அன்றைய ஓட்டத்தை அங்கேயே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் செல்லுங்கள்.

கேள்வி: காலையில் படுக்கையிலிருந்து எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகாலுக்குச் சற்று மேலே பின்புறம் விறைத்து வலிக்கிறது. பத்து நிமிடத்தில் சரியாகிவிடுகிறது. ஒரு மாதம் முழு ஓய்வு எடுத்தேன். மீண்டும் ஓடியதும் வந்துவிட்டது. வயது 52. இதற்கு என்னதான் வழி?

பதில்: நீங்கள் சொல்வது அக்கிலிஸ் தசைநாண் பாதிப்பின் அடையாளம். கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் இந்தத் தசைநாண், ஓடும்போது உடல் எடையைப்போல் 6 முதல் 8 மடங்கு விசையைத் தாங்குகிறது. நடுவயதுக்குப் பின் அதன் நார்கள் நெகிழ்வை இழக்கின்றன. ஓய்வெடுத்தால் வலி அடங்கும். ஆனால் தசைநாண் வலுப்பெறாது. சுமை இல்லாத மாதத்தில் அது மேலும் தளர்ந்துவிடுகிறது. உங்களுக்கு நடந்தது அதுதான்.

முதலில் இடத்தைக் கண்டறியுங்கள். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் கொண்டு தசைநாணின் இருபுறமும் மெல்லக் கிள்ளிப் பாருங்கள். குதிகால் எலும்பிலிருந்து 2 முதல் 6 சென்டிமீட்டர் மேலே, தசைநாணின் நடுவில் வலித்தால் அது ஒரு வகை. எலும்போடு சேரும் இடத்திலேயே வலித்தால் மற்றொரு வகை. முதல் வகைக்கான பயிற்சி 1998இல் ஸ்வீடனின் எலும்பு மருத்துவர் ஹோகன் ஆல்ஃபிரெட்சன் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது. அதில் பங்கேற்ற 15 பேரும் நடுவயதைச் சேர்ந்த ஓட்டக்காரர்களே. 12 வாரங்களில் எல்லோரும் ஓட்டத்துக்குத் திரும்பினார்கள்.

செய்முறை இதுதான். மாடிப்படியின் விளிம்பில் முன்பாதம் மட்டும் பதியுமாறு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். இரு கால்களாலும் உயர்ந்து முழு எடையையும் வலிக்கும் காலுக்கு மாற்றி, குதிகாலைப் படியின் மட்டத்துக்குக் கீழே மெதுவாக இறக்குங்கள். இறங்குவதற்கு 3 வினாடியாவது எடுக்க வேண்டும். மேலே ஏறுவதற்கு நல்ல காலைப் பயன்படுத்துங்கள். முழங்காலை நேராக வைத்து 15 முறை வீதம் 3 தொகுதி, பின்னர் முழங்காலைச் சற்று மடக்கி 15 முறை வீதம் 3 தொகுதி, காலையும் மாலையும். வலியின்றிச் செய்ய முடிகிறபோது முதுகுப்பையில் எடை சேர்த்துக்கொள்ளுங்கள். பலர் மூன்றாவது வாரத்தில், வலி குறையவில்லை என்று விட்டுவிடுகிறார்கள். பலன் எட்டாவது வாரத்தை ஒட்டித்தான் தெரியத் தொடங்கும். எலும்போடு சேரும் இடத்தில் வலி இருப்பவர்கள் மட்டும் குதிகாலைப் படிக்குக் கீழே இறக்காமல் சமதரையில் நின்று செய்ய வேண்டும். கீழே இறக்கினால் தசைநாண் எலும்பில் அழுந்தி வலி கூடும்.

இதற்கிடையில் ஓடலாமா என்றால், ஓடலாம். 10க்கு 4 அளவுக்குள் வலி இருந்து, மறுநாள் காலை விறைப்பு முன்தினத்தைவிடக் கூடாமல் இருக்கும் வரை, சமதளத்தில் மெதுவாக ஓடலாம். தினமும் காலையில் அந்த முதல் பத்து அடிகளின் வலியை ஒரு குறிப்பேட்டில் எண்ணாக எழுதிவாருங்கள். அந்த எண்தான் அன்றைய அட்டவணையைத் தீர்மானிக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாட்டிக் மருந்துகள் தசைநாண் அறுந்துபோகும் ஆபத்தைக் கூட்டுகின்றன. 60 வயதைத் தாண்டியவர்களுக்கும் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் இது அதிகம். வேறு நோய்க்காக மருத்துவரைப் பார்க்கும்போது, தான் ஓடுபவர் என்பதையும் தசைநாண் வலி இருப்பதையும் சொல்லிவிடுங்கள். பின்னாலிருந்து யாரோ உதைத்ததைப்போல் உணர்ந்து, அதன்பின் அந்தக் காலால் நுனிக்காலில் நிற்க முடியவில்லை என்றால், தசைநாண் அறுந்திருக்கக்கூடும். அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

கேள்வி: 59 வயதாகிறது, பத்தாண்டுகளுக்கு மேலாக ஓடுகிறேன். அரை மாரத்தானுக்கு எடுக்கும் நேரம் ஒவ்வோர் ஆண்டும் சில நிமிடங்கள் கூடிக்கொண்டே போகிறது. இதைத் தடுக்க வாரத்தில் இரண்டு நாள் வேக ஓட்டம் சேர்த்தேன். சோர்வு கூடியதே தவிர நேரம் குறையவில்லை. ஓட்டத்தின் மீதிருந்த ஆர்வமும் குறைகிறது.

பதில்: உங்கள் கடிதத்தின் கடைசி வரிதான் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது. அதனால் முதலில் சரிவைப் பற்றிச் சொல்கிறேன். உடல் உச்ச உழைப்பில் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜனின் அளவு, பயிற்சி இல்லாதவர்களுக்குப் பத்தாண்டுக்கு ஏறத்தாழ 10 சதவீதம் குறைகிறது. விடாமல் பயிற்சி செய்பவர்களுக்கு அதில் பாதி அளவே குறையலாம். முற்றாக நிறுத்த யாராலும் முடிந்ததில்லை. 1984இல் ஒலிம்பிக்கின் முதல் பெண்கள் மாரத்தானை வென்ற ஜோன் பெனாய்ட் சாமுவெல்சன், 1979இல் பாஸ்டன் மாரத்தானை 2 மணி 35 நிமிடம் 15 வினாடியில் வென்றவர். 2019இல் 61 வயதில் அதே ஓட்டத்தை 3 மணி 4 நிமிடத்தில் முடித்தார். 40 ஆண்டுகளில் அவருக்கும் ஏறத்தாழ 29 நிமிடம் கூடியிருக்கிறது. ஆனால் அவர் வயதில் அந்த நேரம் வியக்கத்தக்கது. மூத்தோர் தடகளத்தில் 35 வயது முதல் ஐந்தைந்து ஆண்டுகளாகப் பிரிவுகள் வைத்திருப்பதும், வயதுக்கேற்ப நேரத்தை மதிப்பிடும் அட்டவணைகள் இருப்பதும் இதற்காகத்தான். உங்கள் நேரங்களை அந்த அட்டவணையில் போட்டுப் பாருங்கள். சரிவு என்று நீங்கள் வருந்துவதில் ஒரு பகுதி உண்மையில் முன்னேற்றமாகக்கூட இருக்கலாம்.

பயிற்சியில் மாற்ற வேண்டியது, கடுமையான நாட்களுக்கு இடையே உள்ள தொலைவு. உயர்நிலை வீரர்களின் பயிற்சியை ஆராய்ந்த உடற்பயிற்சி அறிவியலாளர் ஸ்டீபன் சைலர், அவர்களுடைய பயிற்சி நாட்களில் ஏறத்தாழ 80 சதவீதம் எளிய வேகத்திலேயே நடப்பதைக் கண்டார். இளம் வீரர்களே அப்படி என்றால், 59 வயதில் வாரத்துக்கு இரண்டு வேக ஓட்டமும் ஒரு நீண்ட ஓட்டமும் மிகை. பயிற்சிச் சுழற்சி 7 நாட்களாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. அதை 10 நாட்களாக நீட்டி, அதில் ஒரு வேக ஓட்டம், ஒரு நீண்ட ஓட்டம், எடைப் பயிற்சிக்கு மூன்று நாட்கள், மற்றவை எளிய ஓட்டமும் ஓய்வும் என்று அமைத்துக்கொள்ளுங்கள். வேக ஓட்டத்தையும் சமதளத்தைவிட மிதமான மேட்டில் செய்யுங்கள்: 20 முதல் 30 வினாடி ஏற்றம், நடந்தே இறங்குவது, 6 முதல் 8 முறை. மேட்டில் வேகம் குறைவதால் தரையில் மோதும் விசை குறைகிறது. வயதோடு முதலில் மெலியும் விரைவுத் தசை நார்களுக்கோ முழு வேலை கிடைக்கிறது.

72 வயதில், 2003இல், மாரத்தானை 3 மணி நேரத்துக்குள் முடித்து, 70 வயதைக் கடந்தவர்களில் முதலாவதாக அதைச் செய்த கனடாவின் எட் விட்லாக்கைப் பலரும் மேற்கோள் காட்டுவார்கள். மறு ஆண்டு அவர் அதை 2 மணி 54 நிமிடம் 48 வினாடியாகக் குறைத்தார். அவருடைய பயிற்சியின் பெரும்பகுதி நீண்ட, மெதுவான தினசரி ஓட்டம். அவரிடமிருந்து அந்த மெதுவான வேகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் ஓடிய மணி நேரங்களை அப்படியே பின்பற்றப் பெரும்பாலானோரின் கால்கள் இடம் தரமாட்டா.

கேள்வி: சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுத்துக்கொள்ளும் நான் (வயது 56) 15 கிலோமீட்டருக்கு மேல் ஓடலாமா?

பதில்: எந்த மாத்திரை என்பதைப் பொறுத்தது. மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு ஓட்டத்தின்போது சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்குவது அரிது. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்றவையோ இன்சுலினோ எடுத்தால் இறங்கும். ஓடி முடித்த அன்று இரவு உறக்கத்திலும் இறங்கலாம் என்பதைக் குடும்பத்தினரும் அறிந்திருக்க வேண்டும். ஓடும் முன் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 90க்குக் கீழே இருந்தால் 15 முதல் 30 கிராம் மாவுச்சத்து எடுத்துக்கொண்டு ஓடுங்கள். 250க்கு மேல் இருந்து உடலும் சுகமில்லாமல் இருந்தால் அன்று ஓட வேண்டாம். தூரத்தைக் கூட்டும் முன் கண் விழித்திரையையும் பாத உணர்வையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். பாதத்தில் உணர்வு குறைந்திருந்தால் கொப்புளம் வந்தது தெரியாமலே புண்ணாகிவிடும். ஓடி முடித்ததும் காலுறையைக் கழற்றி, அடிப்பாதத்தையும் விரலிடுக்குகளையும் கண்ணால் பார்ப்பது உங்களுக்குப் பயிற்சியின் ஒரு பகுதி.

கேள்வி: நீண்ட ஓட்டத்துக்கு முன் வலி நிவாரணி மாத்திரை ஒன்று போட்டுக்கொண்டு, வழியெங்கும் நிறையத் தண்ணீர் குடித்தால் நல்லது என்கிறார் உடன் ஓடும் நண்பர். சரியா?

பதில்: இரண்டும் சரியல்ல, இரண்டும் சேர்வது இன்னும் மோசம். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை சிறுநீரகத்துக்குச் செல்லும் ரத்தத்தைக் குறைக்கின்றன. ஓட்டமும் வியர்வையும் ஏற்கெனவே அதைக் குறைத்திருக்கின்றன. ரத்த அழுத்த மாத்திரையும் எடுப்பவர் என்றால் ஆபத்து கூடும். அளவுக்கு மீறிய தண்ணீர் ரத்தத்தின் சோடியத்தை நீர்க்கச் செய்கிறது. 2002 பாஸ்டன் மாரத்தானில் ரத்தம் கொடுத்த 488 பேரில் 13 சதவீதத்தினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. 4 மணி நேரத்துக்கு மேல் ஓடியவர்களும், ஓட்டத்தின் முடிவில் எடை கூடியிருந்தவர்களுமே அதில் அதிகம். மெதுவாக ஓடும் மூத்தவர்களை இது நேரடியாகத் தொடுகிறது.

அதே நேரத்தில் வயதோடு தாக உணர்வும் மங்குகிறது. ஆகவே பயிற்சியின்போது ஒரு மணி நேர ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள்; 1 கிலோ குறைந்தால் ஏறத்தாழ 1 லிட்டர் வியர்வை. அந்த இழப்புக்கு மேல் ஒருபோதும் குடிக்க வேண்டாம். அதில் பாதிக்கு மேற்பட்டதைச் சிறுசிறு மிடறுகளாகக் குடித்தால் போதும். 90 நிமிடத்தைத் தாண்டும் ஓட்டங்களில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்தும் தேவை. ஓட்டத்துக்கு முன்பே மாத்திரை தேவைப்படும் அளவுக்கு வலி இருந்தால் அன்று ஓடாதீர்கள்.

கேள்வி: குடும்பச் சூழலால் 3 மாதங்கள் ஓட முடியவில்லை. அதற்கு முன் 18 கிலோமீட்டர் வரை ஓடினேன். வயது 63. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: முன்பு வழக்கமாக ஓடிய எளிய தூரத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து, நடையும் ஓட்டமும் கலந்து தொடங்குங்கள். மூச்சு மூன்று, நான்கு வாரங்களில் திரும்பிவிடும். 18 கிலோமீட்டர் ஓடிய நினைவு அப்போது தூரத்தைக் கூட்டச் சொல்லும். முதல் 6 வாரங்களுக்கு அதற்கு இணங்க வேண்டாம். இந்த வாரங்களில் குதிகால் உயர்த்தும் பயிற்சியையும் நாற்காலியிலிருந்து எழும் பயிற்சியையும் வாரத்தில் 3 நாள் செய்யுங்கள். எந்த ஓட்டமும், முந்தைய ஒரு மாதத்தில் நீங்கள் ஓடிய மிக நீண்ட தூரத்தைவிடப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூட வேண்டாம். இந்தக் கணக்கில் பழைய தூரத்தை எட்ட ஐந்தாறு மாதங்கள் ஆகும். பதிவு செய்ய நினைக்கும் போட்டியை அதற்குப் பின் வரும் தேதியில் பாருங்கள்.